ஊசி வைத்தியம்: ஆய்வுகள் சொல்வதும் விளம்பரங்கள் சொல்வதும்

உடம்பில் செல் துண்டுகளோடும், வருடக்கணக்காக மாறாத நாரி நோவோடும் வாழ்கின்ற எம்மவர்களுக்கு, நோவு குறையும் என்று யார் சொன்னாலும் அது காதில் விழத்தான் செய்யும். அக்குபங்சர் எனப்படும் சீன ஊசி வைத்தியத்தின் விளம்பரங்களில் 'ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது' என்ற வசனம் அடிக்கடி இடம்பெறுகின்றது. எந்த ஆய்வு, யாரிடம் செய்தது, எதனோடு ஒப்பிட்டது என்பது மட்டும் அதில் இருக்காது. முக்கியமான சில ஆய்வுகளை வாசித்ததில் எனக்குப் புலப்பட்டதை இங்கு எழுதுகின்றேன்.

மேற்குலகில் இந்த வைத்தியத்தின் புகழ் 1971 இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையோடு பரவியது. நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு பீஜிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை நடந்தது. ஊசி குத்தியே அவருக்கு வயிற்றைத் திறந்தார்கள் என்ற கதை இன்றும் உலாவுகின்றது. உண்மையில் வழமையான விறைப்பு மருந்து கொடுத்துத்தான் அவரை வெட்டினார்கள். ஊசி குத்தியது பிறகு ஏற்பட்ட வயிற்று உபாதைக்கு.

முறையான பெரிய ஆய்வுகளில் ஜேர்மனியில் நடந்தது முக்கியமானது. 2007 இல் வெளியான அதன் ஒரு பகுதியில், நாட்பட்ட நாரி நோ உள்ள 1162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி உரிய புள்ளிகளில் ஊசி. இரண்டாவது பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தும் போலி ஊசி. மூன்றாவது பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி, இயன்மருத்துவம் என்று வழமையான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உண்மையான ஊசி பெற்றவர்களில் 47.6 வீதமானோர் முன்னேறியிருந்தார்கள். போலி ஊசி பெற்றவர்களில் 44.2 வீதம். வழமையான சிகிச்சையில் 27.4 வீதம் மட்டுமே.

இந்த மூன்று இலக்கங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வைத்தியர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் காட்டுகின்றார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டையும் காட்டுகின்றார்கள். ஊசி பெற்றவர்களுக்கு நோவு குறைந்தது உண்மை. ஆனால் எந்தப் புள்ளியில் குத்துவது என்ற சீனக் கோட்பாட்டுக்கு அதில் பெரிய பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. படுக்க வைத்து, கதை கேட்டு, தொட்டுப் பார்த்து, நேரம் ஒதுக்கும் ஒருவர் கிடைப்பதே நோவைக் குறைக்கின்றது என்றுதான் எனக்குப் படுகின்றது. வைத்தியசாலை வரிசையில் காலையிலிருந்து நின்று, இரண்டு நிமிடத்தில் துண்டு எழுதி வாங்கி வருகின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்னர் 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளை ஒன்றாக்கி 2018 இல் ஒரு அறிக்கை வந்தது. அதில் உண்மையான ஊசி போலி ஊசியை வென்றது. ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சிறியது. பயனின் பெரும்பகுதி ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது. மறுபக்கம், 1998 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே வெற்றி என்று முடிந்திருப்பதைக் காட்டியது. ஒரு தடவைகூடத் தோற்காத மருந்து என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். பிரித்தானியாவின் 'நைஸ்' அமைப்போ 2009 இல் நாரி நோவுக்கு இதைப் பரிந்துரைத்தது, 2016 இல் வேண்டாம் என்றது, 2021 இல் வேறு காரணம் காணமுடியாத நாட்பட்ட நோவுக்குப் பரிசீலிக்கலாம் என்றது.

எமக்கு மிக நெருக்கமான ஆய்வு 2024 இல் அமெரிக்காவில் வெளியானது. போர்முனை அனுபவத்தால் மனவடுவுக்கு ஆளான 93 முன்னாள் படையினருக்கு, வாரம் இரண்டு தடவை, 24 தடவைகள் வரை சிகிச்சை நடந்தது. போலி ஊசி பெற்றவர்களும் ஓரளவு தேறினார்கள். உண்மையான ஊசி பெற்றவர்கள் தெளிவாகக் கூடுதலாகத் தேறினார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 93 பேர் என்பது சிறிய தொகை. அவர்கள் ஓய்வூதியமும் தனி வைத்தியசாலைகளும் உள்ள ஒரு நாட்டின் படையினர். பதுங்குகுழியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ, காணாமல் ஆக்கப்பட்ட மகனை இன்றும் தேடுகின்ற தகப்பனோ அல்லர். அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது.

உடல் நோவிலும் இதே சிக்கல் இருக்கின்றது. ஜேர்மன் ஆய்வில் முள்ளந்தண்டு முறிந்தவர்களையும் அதில் சத்திரசிகிச்சை செய்தவர்களையும் சேர்க்கவில்லை. முள்ளந்தண்டில் சன்னம் பாய்ந்த ஒருவரிடம் அந்த 47.6 வீதத்தைக் காட்டி ஒருவர் காசு கேட்டால், அது அவருக்குரிய இலக்கமே அல்ல.

போய்ப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், நெஞ்சுப் பகுதியில் காயப்பட்டவர்களும் அதை முதலிலேயே சொல்லுங்கள். அரிதாக என்றாலும் ஊசி நுரையீரலைக் குத்திய சம்பவங்கள் உண்டு. எடுக்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால் எழுந்து வாருங்கள். எத்தனை தடவை போவது என்பதற்கு அமெரிக்காவின் அரச மருத்துவக் காப்புறுதி 2020 இல் வைத்த விதி கைகொடுக்கும்: நாட்பட்ட நாரி நோவுக்கு 90 நாட்களுக்குள் 12 தடவைகள் வரை செலவை ஏற்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8. தெரியாவிட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள்.