சித்திரக் காட்சியும் ஞாபகக் கடனும்

ஒரு சங்கத்தின் அங்கத்தவர் காலஞ்சென்றால் அச்சங்கத்தார் செய்யவேண்டுவன இவையென்று நம்மவர்க்குள் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. அனுதாபத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றப்படும். சபையோர் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாய் நிற்பர். முப்பத்தோராம் நாளிலே கல்வெட்டுப் புத்தகம் ஒன்று கைக்கு வரும். வணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் இத்துணை போதுமாயிருக்கலாம். சித்திரகாரருக்கு இது போதாதென்பதே நமது துணிபு. அவர் வாழ்நாளெல்லாம் பேசியது வர்ணத்தினாலும் கோட்டினாலுமன்றோ? அவரைக்குறித்து நாம் ஒரு மணி நேரம் பேசுவதிலும், அவருடைய படங்கள் ஒரு மணி நேரம் நம்மோடு பேசும்படி விடுவதே தகுதி. ஆதலின் ஒரு சித்திர சங்கத்தின் அடுத்த பருவக் காட்சியே மறைந்த அங்கத்தவருக்கு உரிய நினைவுக் கூட்டமாகும் என்கின்றோம்.

நம் தீவின் சரித்திரத்திலேயே இதற்குத் தக்க உதாரணம் உண்டு. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆந் தேதி, கொழும்பிலே லயனல் வெண்ட் என்பாருடைய இல்லத்திற் சிலர் கூடி '43 குழு' என்னும் சித்திர சங்கத்தை ஸ்தாபித்தனர். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், றிச்சர்ட் கேப்ரியல், பிக்குவாயிருந்த மஞ்சுஸ்ரீ முதலானோர் அதிற் சேர்ந்தோர். அவர்களோடு ஒரு தமிழரும் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துச் சித்திர வித்தியாதிகாரி எஸ். ஆர். கனகசபை. இச்செய்தியை நம் மாணாக்கருட் பலர் அறியார். அவ்வருஷம் நவம்பர் மாதத்திலேயே குழுவின் முதற் காட்சி நடந்தேறியது.

பதினான்கு மாதங்கூடச் செல்லவில்லை; 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19ஆந் தேதி வெண்ட் காலமானார். அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. நியாயவாதத்திற் பயின்றவர், பியானோ வாசிப்பில் வல்லவர், புகைப்படக் கலையில் இத்தீவுக்கு இணையில்லாதவர். குழுவுக்கு வீடும் உயிருமாயிருந்த அவர் போனபின் அது கலைந்திருந்தால் யாரும் வியந்திரார். கலையவில்லை. காட்சிகள் தொடர்ந்தன, 1952இல் இலண்டனிலும், அடுத்த ஆண்டு பாரிஸ் நகரத்துப் பெத்தி பலே மண்டபத்திலும் அவர்களுடைய படங்கள் தொங்கின. 1950இல் வெண்டின் புகைப்படங்கள் ஒரு பெரும் புத்தகமாய் இலண்டனில் வெளிவந்தன. அவர் வீடிருந்த நிலத்தில் எழுந்த நாடகசாலை 1953இல் திறக்கப்பட்டது. கலைக்கூடமும் அதனோடு அமைந்தது. இன்றைக்கும் கொழும்பில் இளஞ் சித்திரகாரர் ஒருவர் தமது முதற் காட்சியை அவ்விடத்தில் வைக்க விரும்புகின்றார் என்றால், இறந்தவர்க்கு இதனினுஞ் சிறந்த திவசம் யாதோ?

ஆயினும் அவ்வரலாற்றில் ஒரு குறையுண்டு. வெண்ட் இறந்தபின் அவருடைய புகைப்பட மூலத்தகடுகள் அழிக்கப்பட்டன. அன்பர்கள் புத்தகமும் மண்டபமும் ஆக்கினர், மூலம் போயிற்று. எஞ்சியவை அவர் தங் கையால் அச்சிட்ட பிரதிகளே. குழுவின் காரியதரிசியாயிருந்த ஹரி பீரிஸ் தோழர்களுடைய படங்களைத் தமது வீட்டிலே சேர்த்துக் காத்து, 1974இல் அவ்வீட்டையே ஒரு தர்மஸ்தாபனமாக்கினார். அக்குழுவைப்பற்றி இன்று நாம் நேரிற் கண்டறியக் கூடியதிற் பெரும்பங்கு அந்த ஒருவருடைய பொறுமையால் வந்தது. மேடைப் பேச்சாளருக்குக் கிடைக்கும் புகழ் இத்தகையோருக்குக் கிடைப்பதில்லை!

இனி நம் ஊரை நோக்குவோம். 43 குழுவுக்கு ஐந்தாண்டு முன்னரே, 1938இல், கனகசபை அவர்கள் யாழ்ப்பாணத்தில் 'வின்சர் சித்திரக் கழகம்' கண்டார். பாடசாலைகளிற் சித்திரம் பயிற்றும் முறையைத் திருத்திய பரிசோதகர் வின்சர் என்பவரின் நாமத்தை அது தரித்தது. ஆகவே ஞாபகக்கடன் நம் சித்திர சங்கத்துக்குப் பிறவியிலேயே வாய்த்தது. ஆசிரியர்கள் வரைந்தார்கள், காட்சி வைத்தார்கள், ஊரார் வந்து கண்டார்கள். ஆனால் அப்படங்கள் இன்று எங்கே? கறையானும் உப்புக்காற்றும் கொண்டன சில. 1981இல் நூல்நிலையம் எரிந்த ஊர் இது. 1995இல் ஒரு பட்டினம் முழுவதும் பெயர்ந்து நடந்த வழி இது. சுமந்து செல்லும் மூட்டையில் அரிசிக்கு இடமுண்டு, சட்டமிட்ட படத்துக்கு இடமில்லை. சித்திராசிரியர் அ. மாற்கு அவர்களை அறிஞர் பலர் 'தேடலும் படைப்புலகமும்' என்னும் தொகுதியால் 1987இல் வாழுங்காலத்திலேயே கௌரவித்தனர், அது நற்செயல். அவரும் 1995இல் இடம்பெயர்ந்தார். 2000ஆம் ஆண்டில் மன்னாரில் மறைந்தார். தொகுதி கைக்குக் கிடைக்கின்றது. படங்களை ஒருங்கே காண்பது அரிதாயிற்று.

இறந்தோர் படங்களுக்குச் சுவரைக் கொடுத்தால் இருக்கும் இளைஞர் எங்கே தொங்கவிடுவர் என்று சிலர் ஆக்ஷேபிப்பர். இது முற்றும் அற்பமான வாதமன்று. பழம்பெருமையே நிறைந்து புதியவருக்குக் கதவடைத்த சபைகளை நாமும் கண்டிருக்கின்றோம். ஆனால் நாம் கேட்பது மண்டபம் முழுவதையுமன்று, ஒரு பக்கச் சுவரையே. அதிலும் நண்பர் என்ற காரணத்தால் எல்லாப் படத்தையும் ஏற்றாது, பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்து தொங்கவிடுக. முதிராப் பருவத்துப் படம் ஒன்றிரண்டு அவற்றிடையே இருப்பதும் நன்று. வழிகாட்டி திருத்தி வரைந்த முடிபுகளைக் காட்டிலும், அவர் தடுமாறி அழித்து வரைந்த தாளே பயிலும் மாணாக்கனுக்கு மிகுதியும் உதவும்.

காட்சியின் பட்டியலைக்குறித்து ஒரு வார்த்தை. அழகிய அட்டையும் தலைவர் ஆசிச்செய்தியும் இல்லாவிடினும் குற்றமில்லை. படத்தின் பெயர், வரைந்த ஆண்டு, நீர்வர்ணமோ தைலவர்ணமோ என்பது, நீள அகலம், இப்போது யாரிடத்தில் உள்ளது என்பன இருத்தல் அவசியம். படமே அழிந்துபோயினும் இவ்வைந்து செய்திகளும் இருந்தால் அப்படியொன்று இருந்ததென்றாவது பின்வருவோர் அறிவர்.

அடுத்த தவணையில் நம் கல்லூரி மண்டபத்திலே சித்திரக் காட்சி வைக்க எண்ணுவோர், நம் பழைய சித்திராசிரியர்களுக்கென ஒரு சுவரை ஒதுக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். பழைய மாணாக்கர் வீடுகளில் அவர்கள் வரைந்த படமோ, பழைய காட்சிப் பட்டியலோ இருக்கக்கூடும். பெட்டியின் அடியிலும் பார்க்கவும். அவற்றைத் தந்துவிடுமாறு நாம் கேட்கவில்லை. ஒரு நாள் கொண்டுவந்து காட்டி, புகைப்படம் எடுத்துக்கொள்ள இடந்தந்தாற் போதும்.