கிராமம் பார்க்கப் போகிறோமா, மனிசரை வேடிக்கை பார்க்கப் போகிறோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை, முழுசாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

டிசம்பர் லீவு நெருங்குகிறது. ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் இந்தியப் பயண அறிவித்தல்கள் வரத் தொடங்கிவிட்டன. முன்பெல்லாம் அஜ்மீர், டில்லி, ஆக்ரா, கடைசி இரண்டு நாள் சென்னை தி.நகரில் சாமான் வாங்குதல் என்று முடியும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "பாரம்பரிய இந்தியக் கிராமத்தில் ஒரு நாள்". குஜராத்தின் கச் பிரதேசத்துக்கும் நம் பக்கத்திலிருந்து ஆட்கள் போய் வருகிறார்கள். போன வருடம் நானும் ஒரு குழுவோடு போய் வந்தேன்.

போவதை நான் எதிர்க்கவில்லை. போகவேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் நாம் போகிற விதம் சரியில்லை. திரும்பி வந்து கதைக்கிற கதை அதைவிடச் சரியில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கச் என்பது ஒரு மாவட்டம்தான். ஆனால் பரப்பளவு 45,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். நமது முழு நாட்டில் மூன்றில் இரண்டு பங்கை விடப் பெரியது. வடக்கே வெள்ளை உப்புப் பாலைவனம், அதற்கப்பால் பாகிஸ்தான் எல்லை. மக்கள் பேசும் கச்சி மொழி சிந்திக்கு நெருக்கமானது. பன்னி என்ற புல்வெளியில் எருமை வளர்க்கும் மால்தாரி முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அஜ்ரக் என்ற அச்சுத் துணியைச் செய்யும் கத்ரி முஸ்லிம்கள் இருக்கிறார்கள். துணிக்கு எம்ப்ராய்டரி போடும் மேக்வால் இந்துக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. கொழும்பில் புடவைக் கடை வைத்திருக்கும் மேமன்மாரின் பூர்வீகமான கத்தியவாரும் அதே குஜராத்தில்தான் இருக்கிறது. நமக்குச் சம்பந்தமே இல்லாத பூமி என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இப்போது நம் ஆட்கள் போடும் வீடியோக்களுக்கு வருவோம். பத்தில் எட்டு ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: "காலம் நின்றுபோன ஒரு கிராமம்." "நூறு வருடம் பின்னோக்கிப் போய்விட்டோம்." "ஒன்றுமறியாத அப்பாவி மக்கள்."

இது பொய். தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தான்.

அஜ்ரக்பூர் என்ற கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் "பழைய கிராமம்" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் கிராமத்தின் வயது கால் நூற்றாண்டுதான். 2001 ஜனவரி 26 காலையில் வந்த பூமியதிர்ச்சி கச்சைத் தரைமட்டமாக்கியது. குஜராத்தில் 13,000க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். கத்ரிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமட்கா கிராமமும் இடிந்தது. அதோடு நிலத்தடி நீரும் மாறிப்போனது. தண்ணீரில் இரும்பு கூடினால் சாயம் பிடிக்காது. தண்ணீர் இல்லாமல் அஜ்ரக் இல்லை. அப்போது பல குடும்பங்கள் கூடி முடிவெடுத்து, புஜ் நகரத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிப் புது ஊரை உண்டாக்கின. ஊருக்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். இதுவா காலம் நின்றுபோன ஊர்?

இன்னும் கேளுங்கள். இரசாயனச் சாயம் வந்த பிறகு இயற்கைச் சாயத் தொழில் அங்கேயும் கிட்டத்தட்ட செத்துப்போயிருந்தது. மால்தாரிகளே மலிவான மில் துணிக்கு மாறிவிட்டார்கள். 1970களில் முஹம்மத் சித்தீக் கத்ரி என்ற மனிதர் பழைய முறையைத் திரும்பக் கையிலெடுத்து மகன்மாருக்குப் பழக்கினார். அந்த மகன்மாரில் ஒருவரான இஸ்மாயில் கத்ரிக்கு இங்கிலாந்தின் டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. நிரோனா கிராமத்தில் ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சித் துணியில் வரையும் ரோகன் கலையைக் காப்பாற்றிய அப்துல் கபூர் கத்ரிக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2014இல் இந்தியப் பிரதமர் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ரோகன் ஓவியம்தான். இவர்களைத்தான் நம்மவர்கள் "ஒன்றுமறியாத அப்பாவிகள்" என்கிறார்கள்.

புங்கா என்ற வட்ட மண்வீட்டைப் பார்த்து "பாவம், மண்வீட்டில் இருக்கிறார்கள்" என்று ஒரு சகோதரர் வீடியோவில் சொல்கிறார். 2001இல் கொங்கிறீட் கட்டடங்கள் சரிந்தபோது முறையாகக் கட்டிய புங்காக்கள் பெரும்பாலும் நின்றன. வட்டச் சுவர் அதிர்வைப் பங்கிட்டுக்கொள்ளும், மேலே பாரமில்லாத புல் கூரை. வெயிலுக்கும் குளிர்ச்சி. நாற்பது பாகை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வகுப்பெடுக்கும் எனக்கு அந்த வீட்டைப் பார்த்துப் பாவம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

பழமையைக் காப்பாற்றுவது அறியாமையால் நடப்பதில்லை. கணக்குப் பார்த்து, நட்டப்பட்டு, பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் பழக்கி, பிடிவாதமாகச் செய்கிற காரியம் அது. அந்தப் பிடிவாதத்துக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையை நாம் அனுதாபமாக மாற்றிக் கொடுக்கிறோம். அனுதாபம் மலிவு. மரியாதைக்குத்தான் செலவு.

அந்தச் செலவு என்றதும் அடுத்த பிரச்சினை வருகிறது: பேரம்.

எங்கள் குழுவில் ஒருவர் அஜ்ரக் துப்பட்டா ஒன்றைக் கையிலெடுத்தார். விலை இரண்டாயிரம் இந்திய ரூபாய். "எண்ணூறுக்குத் தருவியா?" என்றார். சாயக்காரர் சிரித்தபடி தலையாட்டி மறுத்தார். "இதுக்கு இவ்வளவா? மெயின் ஸ்ட்ரீட்டில பாதி விலைக்கு இதை விட நல்லது கிடைக்கும்" என்று நம்மவர் தமிழில் எங்களிடம் சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டி எறிந்த மாதிரி வைத்துவிட்டு வெளியே வந்தார். வந்த ஆட்டத்துக்கு ஆளுக்கொரு படம் மட்டும் அந்தத் துணிகளுக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் துணி எப்படி வருகிறது என்று அரை மணித்தியாலம் நின்று பார்த்திருந்தால் அப்படிக் கேட்க வாய் வந்திருக்காது. முதலில் துணியை ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்து ஊறவைத்துப் பல தடவை அலசுவார்கள். பிறகு கடுக்காய் நீரில் தோய்ப்பார்கள். சுண்ணாம்பும் பிசினும் கலந்து மர அச்சால் முதல் கோடு. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நாட்கணக்கில் புளிக்கவைத்து எடுத்த கறுப்பு அடுத்த அச்சு. சிவப்பு வரவேண்டிய இடத்துக்குப் படிகாரம். பிறகு அவுரித் தொட்டியில் முக்கி நீலம். அலசல். மஞ்சிட்டி போன்ற சாயத்தோடு கொதிக்கவைத்துச் சிவப்பு. திரும்ப அலசல், வெயில், திரும்ப அவுரி. ஏறத்தாழ 14 முதல் 16 கட்டம், வாரக்கணக்கு வேலை. ஒரு அச்சு ஒரு நூலளவு தப்பினாலும் துணி முழுக்கத் தெரியும். குஜராத்தின் இந்த வகை அச்சுத் துணிகளின் துண்டுகள் கெய்ரோவுக்குப் பக்கத்தில் ஃபுஸ்தாத் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன. நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து போன சரக்கு அது.

மெயின் ஸ்ட்ரீட்டில் கிடைப்பது அதே வடிவத்தை மெஷினில் அடித்த துணி. அந்தப் போலிதான் கச்சில் உண்மையான வேலைக்காரனின் கழுத்தை நெரிக்கிறது. கச் அஜ்ரக்குக்கு 2024இல் புவிசார் குறியீடு வாங்கியதும் இந்தப் போலிகளுக்கு எதிராகத்தான்.

இதை நான் மருதமுனைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கைத்தறிச் சாரனுக்கு நெசவாளி ஒரு விலை சொன்னால் "இந்தியச் சாரன் இதை விட மலிவு" என்று சொல்கிறவர்கள் யார்? நாம்தான். இங்கே இந்தியச் சரக்கைக் காட்டி மருதமுனை நெசவாளியின் விலையைக் குறைக்கிறோம். அங்கே கொழும்புச் சரக்கைக் காட்டி அஜ்ரக்பூர்க்காரரின் விலையைக் குறைக்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு மனிதனின் ஒரு மாத உழைப்பை அரை விலைக்குக் கேட்பதை மட்டும் கெட்டித்தனம் என்கிறோம்.

மூன்றாவது, கெமரா. இதுதான் எனக்கு மிக வருத்தமான விஷயம்.

பன்னியில் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் இருந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஸலாமும் இல்லை, கேள்வியும் இல்லை, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். ஒரு வயசான உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எழும்பி உள்ளே போய்விட்டார். இவர் விடவில்லை. வாசல் வரைக்கும் போய்ப் படம் பிடித்தார். பிறகு அது சமூக வலைத்தளத்தில் பாட்டோடு வந்தது.

அறுகம்பையில் வெள்ளைக்காரன் நம் பெண்களைக் கேட்காமல் படம் எடுத்தால் நாம் என்ன சொல்வோம்? நாலு பதிவு போடுவோம், பள்ளிவாசலில் கதைப்போம். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழையவேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்றுத் தருகிறது. இந்தியாவுக்கு விசா எடுத்தவுடன் அந்தச் சட்டம் நமக்கு இல்லாமல் போய்விடுமா?

சுனாமிக்குப் பிறகு நமது கரையோரத்துக்கு வந்த கெமராக்களை மறந்துவிட்டீர்களா? ஒரு பார்சலைக் கையில் தந்து, வாங்குகிறபோது இப்பக்கம் பாருங்கள் என்று சொன்னார்கள். மையித்தைத் தேடிக்கொண்டிருந்தவனையும் படம் எடுத்தார்கள். அந்த வெட்கம் எப்படியிருந்தது என்று தெரிந்த சமூகம் நாம். தெரிந்தும் இன்னொரு அழிவிலிருந்து எழும்பி வந்த மக்களிடம் அதையே செய்கிறோம்.

சிலர் சொல்லும் பதில்களும் எனக்குத் தெரியும்.

"சேர், காசு குடுத்துத்தானே போறோம்? நம்மால அவங்களுக்கும் வருமானம்தானே?" எந்தக் காசு யாருக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? தோர்டோவில் குளிர்காலத்தில் ரண் உற்சவம் நடக்கிறது. 2023இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு அந்தக் கிராமத்தைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது. ஊருக்கு அதனால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெரிய கூடார நகரத்தை நடத்துவது தனியார் கம்பனி. பக்கத்திலேயே ஹோட்கா கிராமத்தில் ஷாமே சர்ஹத் என்ற தங்குமிடம் இருக்கிறது. அது கிராமத்து மக்களுக்கே சொந்தம், அவர்களே நடத்துகிறார்கள். உங்கள் பயண ஏற்பாட்டாளர் எதில் அறை எடுத்திருக்கிறார்? கேட்டீர்களா?

"குஜராத்தா? 2002 நடந்த இடத்துக்கா போறீங்க?" இது நியாயமான கேள்வி. 2002ஐ மறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த மாநிலத்திலேயே நின்று, தன் கைத்தொழிலோடும் தன் தொழுகையோடும் மரியாதையாக வாழ்கிற முஸ்லிம் கிராமங்களை நாம் ஒதுக்கிவிட்டால் யாருக்கு நீதி செய்ததாகும்? இன்னொரு பக்கம், ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து "இந்திய முஸ்லிம்களின் பரிதாப நிலை" என்று பயான் செய்கிறவர்களும் அவர்களுக்கு உதவி செய்யவில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். இவ்வளவுதான்:

ஒரு நாளில் ஐந்து கிராமம் ஓடாதீர்கள். ஒரு கிராமத்தில் ஒரு முழு நாள் இருங்கள். பன்னிக்கும் ரணுக்கும் போக அனுமதிச் சீட்டு வேண்டும், எல்லைப் பிரதேசம். அதை ஒழுங்காக எடுங்கள். ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து அவருக்குக் காசு கொடுங்கள். ஆண்கள் பெண்கள் இருக்கும் முற்றத்துக்குப் போகாதீர்கள், உங்களோடு வந்த பெண்கள் கேட்டுக்கொண்டு போகட்டும். படம் எடுக்கமுன் கேளுங்கள், மறுத்தால் போனைப் பையில் வையுங்கள். பிள்ளைகளுக்கு டொபியும் சில்லறையும் எறியாதீர்கள். பள்ளிக்கூட நேரத்தில் வெள்ளைக்காரனின் பின்னால் ஓடும் பிள்ளைகளை இங்கேயே பார்த்திருக்கிறோம். துணி வேண்டுமென்றால் சொன்ன விலைக்கு வாங்குங்கள், வசதியில்லாவிட்டால் ஒரு கைக்குட்டை வாங்குங்கள், அதுவும் முடியாவிட்டால் ஜஸாக்கல்லாஹ் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள்.

பயணம் ஏற்பாடு செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் விளம்பரம் போடும்போது எங்கே தங்க வைப்பீர்கள், அந்தக் காசு கிராமத்துக்கு எவ்வளவு போகும், படம் எடுக்கும் ஒழுங்கு என்ன என்பதையும் எழுதுங்கள். எழுதாதவரின் குழுவில் ஆள் சேராதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சையும் வைக்கிறேன், வாத்தியார் புத்தி. டிக்கெட் எடுக்கமுன் மருதமுனையில் ஒரு தறிக்கு முன்னால் போய் உட்காருங்கள். ஒரு சாரன் எப்படி வருகிறது என்று கேளுங்கள். அவர் சொன்ன விலையை ஒரு சதமும் குறைக்காமல் கொடுத்து வாங்குங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இதில் பாஸானவர் கச்சுக்குப் போகலாம், அங்கே அவரை விருந்தாளியாக வரவேற்பார்கள். பெயிலானவர் தயவுசெய்து தி.நகரோடு திரும்பி வந்துவிடுங்கள்.