பளபளப்பை நம்பி ஏவாதீர்கள்

வானிலைச் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் ரேடியோமீட்டர், கடலும் மேகமும் தாமாக உமிழும் நுண்ணலையை வாங்கி வெப்பநிலையாகச் சொல்லும். மழையளவும் நீராவியும் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. அளவு சரிதானா என்று பார்க்க, சூடான ஒரு பொருளையும் 2.7 கெல்வின் குளிர்விண்வெளியையும் கருவிக்கு மாறிமாறிக் காட்டுவார்கள். சுழன்று பார்க்கும் கருவிகள் பலவற்றில் இந்தச் சோதனை, அலையை உள்வாங்கும் ஹார்னுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அலையைத் திரட்டி ஹார்னுக்கு அனுப்பும் பெரிய ரிஃப்ளெக்டர் தட்டு அதில் சேராது. ஓட்டை அங்கேதான்.

1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய டிஆர்எம்எம் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல அலுமினியப் பரப்பு நுண்ணலையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். ஏவிய பிறகு தரவை ஆராய்ந்தவர்கள் அதன் ரேடியோமீட்டர் தட்டில் கண்டது சுமார் 3.5 சதவீதம். விழுங்கிய பங்குக்கு ஈடாகத் தட்டு தன் சூட்டையும் கலந்துவிடும். தட்டு 290 கெல்வின், கருவிக்குத் தெரியும் கடல் 150 கெல்வின் என்று வைத்தால் பிழை கிட்டத்தட்ட 5 கெல்வின். மழைக்கணக்கில் இது சில்லறை இல்லை. 2003இல் ஏவப்பட்ட எஸ்எஸ்எம்ஐஎஸ் என்ற ரேடியோமீட்டரிலும் இதே தொல்லை: தட்டில் வெயில் ஏற ஏற அளவும் ஏறியது.

மைக்ரோவேவ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அலுமினியம் பூசிய தகட்டில் முகம் தெரிகிறது என்பது ஒரு சான்றே அல்ல. ஒளி அலுமினியத்தின் மேல்தோலோடு திரும்பிவிடும். 10 கிகாஹெர்ட்ஸ் அலையோ ஏறக்குறைய 0.8 மைக்ரான் ஆழம் இறங்கும். பூச்சு மெலிந்திருந்தாலோ நுண்விரிசல் விட்டிருந்தாலோ கண்ணுக்குக் கண்ணாடி, அலைக்குக் கரி. சோதிக்க வழி உண்டு. 77 கெல்வின் திரவ நைட்ரஜனில் ஊறிய உறிஞ்சியைத் தகட்டின் வழியாக ரேடியோமீட்டருக்குக் காட்ட வேண்டும். பிறகு தகட்டை மட்டும் 40 டிகிரி சூடாக்க வேண்டும். நல்ல தகடென்றால் அளவு 0.04 கெல்வின்தான் நகரும், அதைப் பிடிக்கவே பொறுமை வேண்டும். 3.5 சதவீதத் தகடென்றால் 1.4 கெல்வின் தாவும், ஒளிக்க முடியாது.

விண்ணுக்குப் போனபின் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். திருத்தலாம்தான். ஆனால் தட்டின் முன்பரப்பு அந்த நொடியில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதை ஊகித்தாக வேண்டும். ஊகத்தின் மேல் ஊகமாக எத்தனை ஆண்டுத் தரவைக் கட்டுவது?

ரேடியோமீட்டர் செய்கிற நிறுவனங்களுக்கு என் கோரிக்கை இதுதான்: ரிஃப்ளெக்டருக்குப் பூச்சு போடும் அதே வேளையில் ஒரு மாதிரித் தகட்டுக்கும் போடுங்கள். ஏவும் முன் அதன் இழப்பை ஒவ்வோர் அலைவரிசையிலும் அளந்து, அந்த எண்களைத் தரவோடு சேர்த்தே வெளியிடுங்கள்.