மதிப்பெண் மட்டும் போதுமா?



தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர் உளவியலில் இளங்கலைப் பட்டம் பெறும் நம் மாணவர்களுள் சிலர், அமெரிக்காவில் சோதனை உளவியல் முனைவர் படிப்பில் சேர விரும்புகின்றனர். சிறந்த மதிப்பெண் இருந்தால் இடம் உறுதி என்றே நம்மில் பலர் அவர்களுக்குச் சொல்கிறோம். இந்த நம்பிக்கையே அவர்களுக்குத் தடையாகிறது என்பது என் கருத்து.

சோதனை உளவியல் என்பது மனநல ஆலோசனை அன்று. நினைவு, கவனம், கற்றல், புலனுணர்வு ஆகியவை இயங்கும் விதத்தைச் சோதனைகளின்வழி அளந்தறியும் துறை அது. 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வகத்தையே இத்துறையின் தொடக்கமாகக் கூறுவர்.

ஆகவே, 'இவரால் ஆய்வு செய்ய இயலுமா?' என்பதே தேர்வு செய்வோரின் முதன்மையான கேள்வி. பெரும்பாலும் ஒரு பேராசிரியர் தம் ஆய்வகத்திற்கென மாணவரைத் தேர்ந்தெடுக்கிறார். கல்விக் கட்டணத்தை விலக்கி, உதவித்தொகையும் வழங்கி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பயிற்றுவிக்கப்போகும் ஒருவரை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எவ்வாறு ஏற்பார்? மதிப்பெண் குறைந்தால் வாய்ப்பு நழுவலாம். மிகுந்திருப்பதால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. 2020க்குப் பின்னர்ப் பல பல்கலைக்கழகத் துறைகள் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதையே நிறுத்திவிட்டன.

பின் எது தேவை? இளங்கலைப் படிப்பின்போதே விரிவுரையாளரின் ஆய்வில் உதவியாளராகச் சேர வேண்டும். தரவு திரட்டவும் புள்ளியியலைக் கையாளவும் பழக வேண்டும். வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கப்படும். 'ஒழுக்கமான மாணவர்' என்னும் பொதுவான பாராட்டைவிட, உடன் பணியாற்றியவர் எழுதும் கடிதத்திற்கே மதிப்பு அதிகம். நோக்க அறிக்கையில், எந்தக் கேள்வியை ஆராய விரும்புகிறோம், அதற்கு அந்தப் பேராசிரியரின் ஆய்வகம் ஏன் பொருந்தும் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். விண்ணப்பங்களின் இறுதி நாள் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தை ஒட்டியே வரும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். முனைவர் படிப்புக்கு முன் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றப் பிள்ளை விரும்பினால், அதை வீணான காலம் என்று கருதாதீர்கள். அந்த அனுபவமே பின்னர் அவருக்குக் கதவைத் திறக்கக்கூடும்.

நமக்கும் இதில் பொறுப்புண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால், 'ஏ' எண்ணிக்கை பார்க்கும் மனப்பான்மை அகலவில்லை. அறிவியல் பாடத்தில் மாறிகளையும் கருதுகோளையும் நாம்தான் முதலில் கற்பிக்கிறோம். அவற்றை மனனம் செய்யும் விடைகளாகக் கொடுத்துவிட்டால், கேள்வி கேட்கும் பழக்கம் அங்கேயே கருகிவிடும். ஒரு சோதனையையேனும் மாணவரே திட்டமிட்டுச் செய்யட்டும். எதிர்பார்த்த முடிவு வராவிடில், ஏன் வரவில்லை என்று அவரே ஆராயட்டும். பிற்காலத்தில் ஓர் ஆய்வகம் அவரிடம் எதிர்பார்க்கப்போவதும் அதைத்தான்.

உங்கள் கருத்துகளை அன்புடன் வரவேற்கிறேன்.