உயரம் மட்டும் கோல் போடாது

அக்கராயனில் மைதானத்துக்கு வெளிய சைக்கிளில சாய்ஞ்சு நிண்டு வலைப்பந்தாட்டம் பாக்கிற எங்களிட்ட ஒரு கதை எப்பவும் இருக்கு: "அவள் நெட்டை, அதான் போடுறாள்." யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தையும் இப்பிடித்தான் கதைச்சம். 208 சென்ரிமீற்றர், வேறென்ன வேணும் எண்டம்.

சரி, கணக்குப் பாப்பம். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்து மாதிரிப் பின்னால பலகை இல்லை. பந்து கைக்கு வந்தால் 3 செக்கனுக்குள் விடவேணும். 2018இல் இலங்கை ஆசியச் சம்பியனானதும், 2019 உலகக் கிண்ணத்தில் தர்ஜினி ஆகக்கூடிய கோல்கள் போட்டதும் எலும்பின் நீளத்தால் மட்டும் நடந்தவை அல்ல.

எங்கட ஊர்ப் பிள்ளை ஒருத்தி போன வருசம் வந்த பந்தெல்லாம் தவறவிட்டவள். இப்ப காலை ஊண்டித் திரும்பி, ஆறுதலாப் போடுறாள். போன வருசமும் அதே உயரம்தானே? அப்ப கூடினது என்ன? பயிற்சி.

இதை நாங்கள் ஒத்துக்கொள்ளாட்டி அவளுக்கு நல்ல வளையமும் பயிற்சியாளரும் கேட்க எங்களுக்கு வாய் வராது. எல்லாம் பிறப்பிலயே வந்தது எண்டு நினைக்கிற ஊர், பிள்ளைக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டுதான் இருக்கும்.