பால்கனி விவசாயம் – 6: சின்ன வெங்காயத்துக்கு விதை உண்டா?

ஹூஸ்டன்ல சாம்பார் வைக்கிற மக்களுக்கெல்லாம் ஒரு பொதுச் சோகம் உண்டு. ஹில்கிராஃப்ட் பக்கம் போனா (2010ல அந்த ஏரியாவுக்கு மகாத்மா காந்தி மாவட்டம்னு பேர் வச்சாங்க) புளி, முருங்கைக்காய், பெருங்காயம் எல்லாம் கிடைக்கும். சின்ன வெங்காயம் கேட்டா, வலைப்பையில குட்டிக் குட்டியா சிவப்பு உருண்டைகளைக் கையில குடுப்பாங்க. அது பெரும்பாலும் பேர்ல் ஆனியன். சாதா வெங்காயத்தை நெருக்கி விதைச்சு, குட்டியா இருக்கும்போதே பிடுங்கறது. ஒத்தை ஆள். நம்மாளு கூட்டுக்குடும்பம், ஒரே அடியில நாலஞ்சு சேர்ந்து இருக்கும்.

அதனால போன அக்டோபர்ல தொட்டியில ஷாலட் விதை போட்டேன். அம்மாகிட்ட சொன்னா, "ஏன்டா, வெங்காயத்துக்கு வெங்காயத்தைத்தானே நடுவாங்க?"ன்னு ஒரே சிரிப்பு. அம்மா சொன்னது நியாயம்தான். வெங்காயம் பூக்கணும்னா கொஞ்ச நாள் நல்ல குளிர் வேணும். நம்ம சமவெளியில அது ஏது? பழைய ரகங்கள் பூக்கறதே அபூர்வம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 5 ரகத்தைக் கொண்டுவந்தது. நம்மூர்லயே பூத்து விதை பிடிக்கும்.

சரி, தொட்டியில நான் பார்த்த கட்டங்கள்:

1. முளைப்பு: ஒரு வாரம், பத்து நாள். கொண்டை ஊசி மாதிரி வளைஞ்சு மண்ணைக் கிழிச்சு வரும். நிமிரும்போது தலையில கறுப்பு விதைத்தோல் தொப்பி :-)

2. நாத்து: புல்லா வெங்காயமான்னு சந்தேகம் வர்ற பருவம். களை எடுக்கும்போது ஜாக்கிரதை. 40–45 நாள்ல பிடுங்கி நடலாம்.

3. இலை: இதுதான் முக்கியம். ஒவ்வொரு இலையோட அடிப்பாகமும் பின்னாடி வெங்காயத்துல ஒரு அடுக்காகும். இலை குறைஞ்சா வெங்காயமும் சிறுசு.

4. பிரிதல், திரளல்: அடியில பக்க மொட்டு கிளம்பி ரெண்டா, மூணா பிரியும். விதையில வந்த செடி முதல் தடவை கம்மியாத்தான் பிரியும். அதையே எடுத்து வச்சு மறுபடி நட்டா கொத்து பெருசாகும்.

5. தலை சாய்தல்: கழுத்து தளர்ந்து தாள் விழும். தண்ணியை நிறுத்திடணும்.

திரளறது பகல் நீளத்தைப் பொறுத்தது. பெரம்பலூர்ல வருஷத்துலயே நீளமான பகல் சுமார் 12 மணி 45 நிமிஷம். இங்க ஹூஸ்டன்ல 14 மணி. அதுக்கும் மேல பகல் கேட்கிற வடக்கத்தி ரகத்தை இங்க போட்டா, தாள் மட்டும் வெட்டிக் குழம்புல போட்டுக்கலாம். டெக்ஸாஸ்காரங்களுக்கு இது அத்துப்படி. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்-ல லியோனார்ட் பைக் உருவாக்கி 1983ல வெளிவந்த இனிப்பு வெங்காயத்துக்குப் பேரே 1015. விதைக்க ஏத்த நாள் அக்டோபர் 15, அதான்! நானும் அந்தக் கணக்குலதான் போட்டேன்.

எனக்கு இது பொழுதுபோக்கு. பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் போடற என் மாமாவுக்குப் பொழைப்பு. போன பட்டத்துல திருகல் நோய் பாதி வயலைத் தின்னுடுச்சு. ஏக்கருக்கு 400 கிலோவுக்குக் குறையாம விதை வெங்காயம் வாங்கணும். அது கடன்ல வர்ற காசு, சில சமயம் நோயும் அதோட சேர்ந்தே வரும். விதைன்னா ஒரு கிலோ சொச்சம் போதும். "பை தூக்க ஆள் வேணாம் மாமா"ன்னேன்.

"அது சரி மாப்ள, நாத்து விட்டுப் பிடுங்கி நடற கூலியை யாரு குடுப்பா? ஒரு மாசம் கூடுதலா தண்ணி எங்க இருக்கு?"ன்னார்.

அவர் கேட்கறதும் சரிதான். கிழங்கு நட்டா 65–70 நாள்ல கையில காசு. விதைன்னா நாற்றங்கால் காலம் தனி. மண்ணுல பூஞ்சாணம் இருந்தா விதை போட்டாலும் நோய் வரும். ஆனா வெங்காயம் வழியா வர்ற வைரஸ் பெரும்பாலும் விதையில வராது. கடைசியில, அரை ஏக்கர்ல மட்டும் விதை போட்டு, அதுல வர்றதை அடுத்த பட்டத்துக்குச் சொந்த விதை வெங்காயமா வச்சுக்கலாம்னு பேசி முடிச்சோம். விதைச் செலவு, நாத்து, கிழங்கு மூணுக்கும் நடுவுல இது ஒரு சமரசம்.

நீங்க போடறதா இருந்தா ரெண்டு விஷயம். வெங்காய விதை சீக்கிரம் உயிர் விட்டுடும், போன வருஷப் பாக்கெட்டை நம்பாதீங்க. ஊர்லேர்ந்து விதையைப் பெட்டியில போட்டு எடுத்துட்டும் வராதீங்க, அதுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேணும்.

உங்கள்ல யாராவது கோ 5 போட்டிருந்தா, ஒரு செடிக்கு எத்தனை பல் வந்துச்சுன்னு சொல்லுங்க. மாமா கேட்டுட்டே இருக்கார்.