வரைபடத்தில் சாதி எழுதப்படுவதில்லை

சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. 2027 முதல் 2046 வரை இந்தப் பெருநகரின் எந்த நிலத்தில் வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, எங்கே பூங்கா என்று முடிவு செய்யப்போகும் ஆவணம் அது. இட ஒதுக்கீட்டில் கை வைத்தால் அன்றே தெருவில் இறங்கும் நாம், நம் மக்கள் வாழும் நிலத்தின் இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் இந்த ஆவணத்தை மட்டும் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

இது எப்படி வேலை செய்கிறது? 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி சி.எம்.டி.ஏ. நிலங்களை வகை பிரிக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம். வகை மாறினால் நிலத்தின் விலை மாறும். அடுத்தது தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்ற கணக்கு இது. 2019ஆம் ஆண்டு கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு 2 மடங்கும், உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு 3.25 மடங்கும் அனுமதித்தன. பணம் கட்டி மேலும் கூடுதலாக வாங்கவும் வழி உண்டு. ஆனால், எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சாலையின் அகலம் தீர்மானிக்கிறது.

விதியில் சாதிப் பெயர் எங்கும் இல்லை. சாலை அகலம், பட்டா, திட்ட அனுமதி என்ற சொற்கள்தான் இருக்கின்றன. அகலமான சாலை ஊருக்குப் போடப்பட்டது. சேரிக்குச் சந்துதான் வாய்த்தது. ஊருக்குப் பட்டா கிடைத்தது. சேரி புறம்போக்கு என்றே பதிவேட்டில் நின்றது. இந்தப் பழைய கணக்கின் மேல் ‘பொதுவான’ விதியை வைத்தால் பழைய பலன்தான் கிடைக்கும்.

விதி மீறலிலும் இதே கதைதான். 1999 பிப்ரவரிக்கு முன் விதி மீறிக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த, இதே சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தியாகராய நகரின் வணிகக் கட்டடங்கள் இடிபடாமல் காக்க 2007இல் அவசரச் சட்டமே வந்தது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகருக்கு அப்படி எந்த அவசரச் சட்டமும் வரவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பு என்று நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தார்கள். எதிர்த்துத் தீக்குளித்த ஒருவர் உயிரிழந்தார். அதே கால்வாயில் தூண்களை இறக்கித்தான் பறக்கும் ரயில் பாதை கட்டப்பட்டது. கரையில் இருந்த குடிசை ஆக்கிரமிப்பு; கால்வாயில் நிற்கும் தூண் வளர்ச்சி.

குடிசைப் பகுதிகளுக்கென்றும் ஒரு 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால், அங்கேயே மேம்பாடு கோரவும், நினைத்தபோது வெளியேற்றப்படாமல் இருக்கவும் மக்களுக்குச் சட்டப் பிடிமானம் கிடைக்கும். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும், 1985இல் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அறிவிக்காமல் விட்டதன் விளைவை 2000க்குப் பிறகு பார்த்தோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்பில் மக்கள் கொண்டுபோய்க் கொட்டப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வேலையும் பள்ளியும் நகருக்குள். வீடு மட்டும் விளிம்பில். ஊருக்கு வெளியே சேரி என்ற அமைப்பை அடுக்குமாடியாகக் கட்டிக் கொடுத்ததைத்தான் மறுகுடியமர்வு என்கிறார்கள்.

அடுத்த ஆபத்து இன்னும் பெரியது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. அதற்குள் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள் பல வருகின்றன. 1891இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தந்த அறிக்கையை அடுத்துத்தான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பட்டியல் சாதியினர் அல்லாதோருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. மண்டல வரைபடம் நிலத்தின் பயன்பாட்டைக் காட்டும். அது பஞ்சமி நிலமா என்பதைக் காட்டாது. பறிபோன பஞ்சமி நிலம் ஒன்று விவசாய மண்டலத்திலிருந்து குடியிருப்பு மண்டலமாக மாறிவிட்டால், அங்கே மனைப்பிரிவு வரும், சாலை வரும், வங்கிக் கடனில் வீடுகள் வரும். பிறகு அதை மீட்பது பல மடங்கு கடினம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. மக்கள் வாழும் சேரிகளையும் குப்பங்களையும் குடியிருப்பு மண்டலமாகவே வரைபடத்தில் குறிக்க வேண்டும். விடுபட்ட குடிசைப் பகுதிகளை உடனே அறிவிக்க வேண்டும். பஞ்சமி நிலப் பட்டியலைச் சர்வே எண்ணோடு வெளியிட்டு, அந்த நிலங்களில் வகை மாற்றத்தைத் தடை செய்ய வேண்டும். வரைவுத் திட்டத்தைத் தமிழில், வார்டு வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும்.

வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த அவகாசத்தை மனைத்தொழில் நிறுவனங்கள் தவறவிடுவதில்லை. நம் படிப்பு வட்டங்கள் இந்த மாதமே இரண்டாவது முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை விரித்து, தங்கள் பகுதிக்கு என்ன நிறம் பூசப்பட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். சர்வே எண்களைக் குறித்து வைப்போம். வரைவு வரும் நாளில் மனுக்கள் நம் கையில் தயாராக இருக்கட்டும்.